எட்டடிக் கயிறு

அப்டேட் வந்த அன்னைக்கு நான் ஆபீஸ்ல ஒரு முந்திரிக் கன்டெய்னருக்குப் பேப்பர் தயார் பண்ணிக்கிட்டு இருந்தேன். துறைமுகத்துக்குப் போற ரோட்டுல ஒரு கிளியரிங் ஏஜென்சி. கப்பல்ல சரக்கு வந்தா அதைக் கஸ்டம்ஸ்ல இருந்து விடுவிச்சுக் குடுக்கிறது எங்க தொழில். மேசை மேல இருந்த போன் துடிச்சுது. எடுத்துப் பார்த்தா விளையாட்டுக் கம்பெனிக்காரன் நீளமா ஒரு அறிவிப்பு போட்டிருக்கான். சண்டையில எல்லாருக்கும் சமநிலை வேணுமாம், அதுக்காகச் சில மாற்றங்கள் செஞ்சிருக்கானாம். படிச்சுக்கிட்டே வந்தேன். நடுவுல ஒரு வரியில வச்சிருந்தான் வேட்டு. எங்க மைனியோட கயித்தை முப்பது அடியிலேருந்து எட்டடியா வெட்டிட்டான்.

எதிர் சீட்டுப் பிள்ளை என் மூஞ்சியைப் பார்த்துட்டு, என்னக்கா, வீட்டுல யாருக்கும் முடியலையான்னு கேட்டா. ஆமான்னு சொல்லிட்டு வெளிய வந்து மைனிக்குப் போன் போட்டேன். அறிவிப்பைப் பாத்தீங்களான்னு கேட்டதுக்கு, பாத்தேன், அதுக்கு என்ன செய்யச் சொல்லுத, கடையில ஆள் நிக்காவ, வையின்னாங்க. அவ்வளவுதான் பேச்சு. அந்தச் சத்தத்துலயே எனக்குத் தெரிஞ்சு போச்சு, அவங்களுக்கும் மனசு சரியில்லன்னு.

எனக்கு நாப்பது தாண்டியாச்சு. வீட்டுக்காரர் கப்பல்ல என்ஜின் ரூம் வேலை, வருசத்துல முக்காவாசி தண்ணி மேலதான். மகன் மதுரையில ஹாஸ்டல்ல இருந்து படிக்கான். இந்த வயசுல உனக்கு என்ன விளையாட்டு வேண்டியிருக்குன்னு கேட்டவங்களுக்கு நான் பதில் சொன்னதே இல்ல. சீரியல் பாக்க யாரும் யார்கிட்டயும் வயசுக் கணக்கு கேக்குறதில்லையே. மகன்தான் ஒரு லீவுல இதை என் போன்ல ஏத்திக் குடுத்தான். அவன் பத்து நாள்ல சலிச்சு விட்டுட்டான். நான் பிடிச்சுக்கிட்டேன்.

மலை, காடு, கோட்டை, அரக்கன்னு ஒரு உலகம். ஆளுக்கு ஒரு வேசம். ஒருத்தன் வில்லு எய்வான், ஒருத்தன் மந்திரம் போடுவான். நான் எடுத்தது கேடயக்காரி. ஆள் உசரத்துக் கேடயத்தைத் தூக்கிக்கிட்டு முன்னால போய் எல்லார் அடியையும் நான் வாங்கணும். என் குணத்துக்கு அதுதான் தோது. ஆனா கேடயக்காரி தனியா நின்னா அரை நிமிசம் தாங்க மாட்டா. அவளுக்குன்னு ஒரு வைத்தியச்சி வேணும். வைத்தியச்சி கையிலேருந்து ஒரு வெளிச்சம் கயிறு மாதிரி நீண்டு வந்து என் இடுப்பைச் சுத்திக்கிடும். எனக்கு விழுற அடியில பாதி அந்தக் கயிறு வழியா அவளுக்குப் போயிரும். அவ தன் மருந்தால அதை ஆத்திக்கிடுவா. கயிறு இருக்கிற வரைக்கும் நான் சாக மாட்டேன். அறுந்துச்சுன்னா நான் காலி. எனக்குக் கயிறு பிடிச்சது எங்க மைனி.

மைனின்னா என் அண்ணன் பொண்டாட்டி. அண்ணன் மார்க்கெட் பக்கம் பலசரக்குக் கடை வச்சிருக்கான். மைனி ஆத்தங்கரைக்காரங்க, ஸ்ரீவைகுண்டம் பக்கம் வயக்காட்டு ஊரு. கல்யாணமாகி வந்த நாள்லேருந்து எங்க ரெண்டு பேருக்கும் அப்படி ஒண்ணும் ஒட்டுதல் கிடையாது. சண்டையும் கிடையாது. நான் போனா காப்பி குடுப்பாங்க, குடிச்சுட்டு டம்ளரைக் கழுவிக் கவுத்தி வச்சுட்டு வருவேன். நாத்தனாவுக்கும் மைனிக்கும் நடுவுல அதுக்கு மேல என்ன வேணும்னு நினைச்சிருந்தோம்.

அவங்க இந்த விளையாட்டுக்குள்ள வந்ததுக்குக் காரணம் எங்க குழுவுல இருந்த ஒரு கிறுக்குச் சட்டம். குழுவுல மொத்தம் பதினஞ்சு பேரு, எல்லாரும் இந்தக் கரையோரத்து ஆளுங்க. தலைவன் திரேஸ்புரத்துல சங்கு குளிக்கிற ஒரு தம்பி. ஞாயிற்றுக்கிழமை அவன் படகு கடலுக்குப் போகாது. சர்ச்சுல பூசை முடிச்சு, சாப்பிட்டு, மூணு மணிக்குப் போனை எடுப்பான். அதனால குழு மொத்தத்துக்கும் ஞாயிறு மூணு மணிதான் நேரம். அவங்க தொழில்ல அடியில இறங்குறவனுக்கு மேல படகுல இருந்து கயித்தையும் மூச்சுக் குழாயையும் பாத்துக்கிட மச்சானைத்தான் நிப்பாட்டுவாங்களாம். பொண்டாட்டி கூடப்பிறந்தவன். தங்கச்சி தாலியை நினைச்சாவது அவன் கயித்தை விட மாட்டான் பாருங்க. தம்பி அதை அப்படியே விளையாட்டுலயும் கொண்டாந்துட்டான். முன்னால போறவனுக்குக் கயிறு பிடிக்கிற ஆள் சொந்தமா இருக்கணும்னான். மத்த ஊருக் குழுவெல்லாம் எவனுக்குப் பலம் ஜாஸ்தின்னு பார்த்து ஆள் சேப்பான். நாங்க முறை பார்த்துச் சேத்தோம். சிரிக்கிறவங்க சிரிக்கட்டும், ரெண்டு வருசமா வேற எந்தக் குழுவாலயும் எங்களை அசைக்க முடியல.

எனக்கு யாரு கயிறு பிடிக்கன்னு குழுவுல பெரிய ஆராய்ச்சியே நடந்துச்சு. திருச்செந்தூர்ல லாட்ஜ் வச்சிருக்கிற அண்ணாச்சி ஒருத்தரு எங்க வில்லாளி, கேலிக்குப் பேர் போனவரு. உங்க மைனியைக் கேளுங்க, ஆனா நாத்தனாளுக்கு எந்த மைனியாவது ஒழுங்கா கயித்தைப் பிடிப்பாங்களா, நைசா விட்டுருவாங்கள்ல அப்படின்னாரு. அந்த வீம்புக்கே நான் மைனிகிட்ட போய்க் கேட்டேன். எனக்கு அதெல்லாம் எங்க வரப் போவுதுன்னாங்க. அடுத்த ஞாயிறு கடையைச் சாத்திட்டு, போனை எடுத்துக்கிட்டு விளையாட்டுக்குள்ள வந்து நின்னாங்க.

வந்தவங்க நின்ன நிலை அப்படி. ரெண்டு வருசத்துல நான் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்க வேண்டி வரல. சண்டைக்கு நடுவுல கொஞ்சம் ஓய்வு கிடைக்கும், அப்ப இயர்போன்ல பேசுவோம். அவங்க முட்டி வலி, என் மகன் மார்க்கு, வீட்டுக்காரர் எந்த நாட்டுல நிக்காரு, எல்லாம் பேசுவோம். எங்க அண்ணனை ரெண்டு பேரும் சேந்து திட்ட ஆரம்பிச்சதும் அங்கனதான். கடையில நாளெல்லாம் எல்லாரும் மைனிகிட்ட எதையாவது கேப்பாங்க. துவரம்பருப்பு கேப்பாங்க, வத்தல் கேப்பாங்க, அண்ணன் காப்பி கேப்பான். ஞாயிறு மூணு மணிக்கு மட்டும் பதினாலு பேரு, மைனி வந்தாச்சான்னு கேப்பாங்க. மைனி வராம ஆரம்பிக்க மாட்டாங்க. அவங்க வாழ்க்கையில அவங்களுக்காகவே ஒரு கூட்டம் காத்துக்கிட்டு இருந்தது அந்த ஒரு இடத்துலதான். அந்த இடத்துலதான் கம்பெனிக்காரன் கத்திரியை வச்சான்.

ஏன் வெட்டினான்னா, வில்லாளிகள் புகார் குடுத்தானுங்களாம். கேடயக்காரியைக் கொல்லவே முடியல, அவ வைத்தியச்சி எங்கேயோ தூரத்துல பாறைக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிடுதா, இது அநியாயம்னு. கொல்ல முடியலன்னா நீ ஒழுங்கா எய்யப் பழகு. இல்ல, அந்தப் பாறையைச் சுத்திப் போ. அதுக்கு எங்க கயித்தை வெட்டுவியா? கூடவே வில்லாளியோட அம்புக்கு வேகத்தையும் ஏத்தி விட்டிருந்தான். இதுக்குப் பேரு சமநிலை.

அந்த ஞாயிறு வழக்கம்போல மைனி பாறைக்குப் பின்னால நின்னாங்க. எதிரி வில்லாளிக காவல் நிக்கிற ஒரு பாலம் உண்டு, அதைத் தாண்டினாத்தான் மேல போக முடியும். நான் அதுல கால் வச்சேன். நாலு எட்டு போகல, கயிறு அறுந்துச்சு, விழுந்தேன். எழுப்பி விட்டாங்க, மறுபடி போனேன், மறுபடி விழுந்தேன். மைனி பாறையை விட்டு வெளிய வந்தாங்க, எங்கிருந்தோ வந்த ஒரே அம்புல அவங்க போயிட்டாங்க, அடுத்தாப்புல நான். லாட்ஜ் அண்ணாச்சி, நான் அன்னைக்கே சொன்னேன்லா, மைனி நாத்தனா கயித்தை விட்டுட்டாங்கன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. மைனி சிரிக்கல. நாலு மணிக்கே தலை வலிக்குன்னு போயிட்டாங்க.

நான் சும்மா விடல. கம்பெனிக்கு எழுதினேன். துறைமுகத்துல காரணமில்லாம கன்டெய்னரை நிப்பாட்டி வச்சா நாங்க ஒரு கடுதாசி எழுதுவோம், மரியாதை குறையாம, ஆனா எதிராளி உக்காந்து படிக்கும்படி. அந்த மாதிரி ஒண்ணு, ஒவ்வொரு மாற்றத்துக்கும் தனித்தனியா காரணம் கேட்டு. மூணாம் நாள் பதில் வந்துச்சு. உங்கள் கருத்தை மிகவும் மதிக்கிறோம்னு ரெண்டு வரி. அதோட என் கேடயக்காரிக்கு இலவசமா ஒரு தொப்பி. இறகு வச்ச தொப்பி. அதைப் பார்த்து நான் திட்டின திட்டை இங்கன எழுத முடியாது. எனக்கு மட்டுமில்ல, ஊர் உலகமெல்லாம் கேடயக்காரங்களும் வைத்தியருங்களும் கொதிச்சுப் போய்க் கிடந்தாங்க. விளையாடுறவங்க பேசிக்கிடுற பக்கத்துல ஒரே கூப்பாடு. பல பேர் விட்டுட்டே போயிட்டாங்க. மிச்சப் பேரு வேசத்தை மாத்தி வில்லைத் தூக்கிட்டாங்க. நீயும் மாறிக்கோன்னு எனக்குப் புத்தி சொன்னவங்க கொஞ்ச நஞ்சமில்ல. இத்தனை வருசமா கேடயம் தூக்கின கை, எவனோ ஒருத்தன் எங்கேயோ உக்காந்து பட்டனைத் தட்டினான்னு கீழ வைக்குமா? மாட்டேன்னு ஒத்தக் கால்ல நின்னேன்.

அடுத்து ரெண்டு ஞாயிறும் தோல்விதான். அப்பதான் விளையாட்டுல வடக்குக் கோட்டை திறக்கிற தேதியைக் கம்பெனிக்காரன் அறிவிச்சான். வருசத்துக்கு ஒரு தடவைதான் அது திறக்கும். ஒரு குழுவுல பதினஞ்சு பேருக்கு மேல உள்ள விட மாட்டான். போன வருசம் நாங்க கோட்டை வாசல் வரைக்கும் போய்த் தோத்துட்டு வந்திருந்தோம். தம்பி தயங்கித் தயங்கித்தான் பேச்சை எடுத்தான். கோயம்புத்தூர்ல ஒருத்தன் இருக்கானாம், மந்திரக்காரன், இந்த அப்டேட்ல அவனுக்குப் பலம் ஏறியிருக்காம். அவன் கல்லுச் சுவரே எழுப்புவான், கேடயத்துக்குக் கயிறே தேவைப்படாது, இந்த ஒரு கோட்டைக்கு மட்டும் மைனிக்குப் பதிலா அவனைச் சேத்துக்கிடலாமான்னு கேட்டான். மைனி லைன்லயேதான் இருந்தாங்க. சரி தம்பி, எனக்கும் கடையில ஸ்டாக் பாக்க வேண்டியது கிடக்குன்னாங்க. ஞாயித்துக்கிழமை மத்தியானம் எங்க அண்ணன் கடையில எவன் ஸ்டாக் பாக்கான்? நான் தம்பிகிட்ட நேராவே கேட்டேன்.

"தம்பி, நாளைக்கு விடிஞ்சா நீ கடலுக்குப் போவ. உன் மச்சானை விடப் பலசாலியா, ஊரு பேரு தெரியாத ஒருத்தன் படகுல வந்து நிக்கான்னு வையி. கயித்தை அவன் கையில குடுத்துட்டு நீ இறங்குவியா?"

மாட்டேன்க்கா அப்படின்னான் தம்பி. ஆனா இத்தனை பேரும் ஒரு வருசமா காத்துக்கிட்டு இருக்காங்க, அதையும் நான் பாக்கணும்லான்னான். அடுத்த ஞாயிறு நீங்க ரெண்டு பேரும் அந்தப் பாலத்தைத் தாண்டிக் காட்டுங்க, தாண்டிட்டா மைனிதான் வாராங்க, முடியலன்னா நான் கோயம்புத்தூர்க்காரனைக் கூப்பிட்டுருவேன்னு முடிச்சான். அவன் மேல குத்தம் சொல்ல முடியாது. நியாயமாத்தான் பேசினான்.

மறுநாள் ஆபீஸ் விட்டதும் நேரா கடைக்குப் போனேன். மைனி புளியை நிறுத்துக்கிட்டு இருந்தாங்க. என்னைப் பார்த்ததும், விட்டுரு, நான் என்ன சின்னப் பிள்ளையா, என் ஒருத்தியால அத்தனை பேரும் தோக்கணுமான்னாங்க. கம்பெனிக்காரன் மேல வந்ததை விட அப்ப அவங்க மேல வந்த கோவம்தான் பெருசு. நீங்க விலகினா நானும் அன்னைக்கோட கேடயத்தைக் கீழ போட்டுருவேன், அப்புறம் உங்களாலதான் குழு ஒடைஞ்சுதுன்னு ஊரு சொல்லும், பரவால்லையான்னு கேட்டேன். வீம்பு பிடிக்காதன்னாங்க. வீம்புதான்னேன். புளியைப் பொட்டலம் கட்டி வாங்க நின்னவருக்குக் குடுத்து அனுப்பிட்டு, சரி, பின்னால குடோனுக்கு வா, ஏழு மணிக்கு மேலதான் கூட்டம் வரும்னாங்க.

குடோன்ல அரிசி மூட்டை மேல ஆளுக்கொரு போனோட உக்காந்தோம். அண்ணன் எட்டிப் பார்த்துட்டு, ரெண்டு பேரும் என்ன செய்யுதீங்கன்னு கேட்டான். பழகுதோம்னாங்க மைனி. அவன் தலையைச் சொறிஞ்சுக்கிட்டே போயிட்டான்.

பழகுனது என்னவோ உருப்படல. மைனி, நீங்க பாறைக்குப் பின்னால நில்லுங்க, நான் எட்டடி போறேன், நான் நின்னதும் நீங்க அடுத்த மறைவுக்கு ஓடி வாங்க, மறுபடி நான் போறேன். இதுதான் என் திட்டம். அவங்க ஓடி வார அந்தக் கொஞ்ச நேரத்துல அம்பு வந்து விழும். மறுநாளும் அதே கதை, அதுக்கு மறுநாளும் அதே கதை. ஓட்டம் பத்தலன்னு நான் கத்தினேன். உன்னைய மாதிரி வேகமா அமுக்க எனக்கு என்ன இருபது விரலா இருக்குன்னு அவங்க கத்தினாங்க. கடைசியில, நான் முன்னாலயே உன்கூட வந்தா என்னன்னு கேட்டாங்க. எனக்குப் பொறுமை போயிருச்சு. கயிறு பிடிக்கிறவங்க தண்ணிக்குள்ள இறங்கக் கூடாது மைனி, ரெண்டு பேரும் முங்கினா யாரு மேல தூக்குவா, சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியுமேன்னேன்.

மைனி போனை மூட்டை மேல வச்சாங்க. என்னை நல்லா பார்த்தாங்க.

"அது உங்க கடலுக்குச் சரி. எங்க ஆத்துல வெள்ளம் வந்தா, அக்கரைக்குப் போகணும்னா, கரையில நின்னு யாரும் கயிறு பிடிக்கதில்ல. கையைக் கோத்துக்கிட்டு கூடவே இறங்குவோம். இதுல படகு எங்கன இருக்குன்னு நான் மேலயே நிக்கணும்?"

இந்த விளையாட்டுல கடலே கிடையாது. படகும் கிடையாது. தம்பி ஒரு நாள் தன் தொழிலைச் சொன்னான், நாங்க எல்லாரும் அந்தத் தொழிலையே விளையாட்டுக்குள்ள தூக்கிட்டு வந்துட்டோம். இல்லாத படகு ஒண்ணுல வைத்தியருங்களை ஏத்தி நிப்பாட்டி, இறங்காதேன்னு ரெண்டு வருசமா சட்டம் பேசியிருக்கோம். கயிறு முப்பது அடியா இருந்தப்ப அது செல்லுபடியாச்சு. இப்ப எட்டடியா ஆனதும், அந்தப் படகை விட்டு இறங்காமலே கம்பெனிக்காரனைத் திட்டிக்கிட்டு இருந்திருக்கோம். அவன் செஞ்சது அக்கிரமந்தான், அதுல எனக்கு இன்னைக்கும் மாத்துக் கருத்து இல்ல. ஆனா எங்க புத்தியும் ஒரே இடத்துல நங்கூரம் போட்டுக் கிடந்துச்சுங்கிறது அன்னைக்குத்தான் உறைச்சுது.

வேற மாதிரி பழக ஆரம்பிச்சோம். மைனி என் இடது தோளோட தோளா, கேடயத்து நிழலுக்குள்ளயே நிக்கணும். நான் ஒரு எட்டு வச்சா அவங்க ஒரு எட்டு. நான் திரும்பினா அவங்களும் திரும்பணும், இல்லன்னா கேடயத்துக்கு வெளிய போயிருவாங்க, ஒரு அம்புல கதை முடிஞ்சிரும். கஷ்டம் அவங்களுக்கு இல்ல, எனக்குத்தான். என் பழக்கம் பாய்ச்சல். எதிரியைக் கண்டா தலையைக் குனிஞ்சுக்கிட்டு ஓடிருவேன். ஓடினதும் மைனி வெட்டவெளியில நிப்பாங்க. ரெண்டு மூணு தடவ பொறுத்துப் பார்த்துட்டு, ஏளா, நீ இப்ப தனி ஆளு இல்ல, பைய நடன்னு ஒரு அதட்டு அதட்டினாங்க. பைய நட, பைய பேசுன்னு எங்க அம்மா காலமெல்லாம் சொல்லி நான் கேட்டதில்ல. மைனி சொல்லிக் கேட்டேன். நில்லுன்னா நின்னேன். வான்னா நடந்தேன். அந்த வாரம் முழுக்க ஆபீஸ்லகூட நான் யார்கிட்டயும் எரிஞ்சு விழலன்னு எதிர் சீட்டுப் பிள்ளை சொன்னா.

ஞாயிறு மூணு மணிக்கு மொத்தக் குழுவும் வேடிக்கை பாக்க, நாங்க ரெண்டு பேரும் பாலத்துல கால் வச்சோம். அம்பு மழை மாதிரி வந்துச்சு. வில்லாளிக்கு வேகத்தை ஏத்தி விட்டிருந்தான்னு சொன்னேன்லா, அத்தனை வேகமும் கேடயத்துல வந்து மோதிச்சு. எனக்கு விழுந்ததுல பாதியை மைனி வாங்கினாங்க, வாங்கி வாங்கி ஆத்தினாங்க. பாதிப் பாலத்துல எனக்குக் கால் பரபரன்னுச்சு, ஓடிரலாமான்னு. மைனி, பையன்னாங்க. பையத்தான் போனோம். அக்கரையில போய் நின்னதும் லாட்ஜ் அண்ணாச்சிதான் முதல்ல வாயைத் திறந்தாரு. இன்னொரு தடவ தாண்டிக் காட்டுங்க, நான் சரியா பாக்கலன்னாரு. தாண்டிக் காட்டினோம். அதுக்கப்புறம் அவரு நாத்தனா மைனி கேலியை எடுக்கவே இல்ல. தம்பி அப்பவே கோயம்புத்தூர்க்காரனுக்கு வேண்டாம்னு சொல்லிட்டான். அந்த வாரத்துலயே குழுவுல கயிறு பிடிக்கிற மத்த மச்சான்மாரும் பாறைக்குப் பின்னாலேருந்து இறங்கி வந்து பழக ஆரம்பிச்சுட்டாங்க.

கோட்டை திறந்த ஞாயிறு மைனி என் வீட்டுக்கே வந்துட்டாங்க. அவங்க வீட்டுல சிக்னல் சில நேரம் இழுக்கும், நம்ப முடியாது. ஆட்டுக் கறிக் குழம்பைத் தூக்குச்சட்டியில கொண்டாந்திருந்தாங்க. சாப்பிட்டா கண்ணு சொக்கும், முடிச்சுட்டுச் சாப்பிடுவோம்னு மூடி வச்சாச்சு. ஃபேனுக்கு அடியில பாய் விரிச்சு, ரெண்டு போனையும் சார்ஜர்ல மாட்டிக்கிட்டு, பக்கத்துல பக்கத்துல உக்காந்தோம்.

கோட்டை வாசல் வரைக்கும் பெருசா சேதாரம் இல்ல. வாசல்ல ஒரு காவக்காரன் நிப்பான், தென்னை மரத்து உசரம். கையில இருப்பு உலக்கை. அதை அவன் சுத்தினான்னா எந்தக் கேடயமும் தனியாத் தாங்காது, பக்கத்துல நிக்கிறவங்க எல்லாரும் அடி வாங்கணும். போன வருசம் எங்களை முடிச்சது அவன்தான். உலக்கையைத் தலைக்கு மேல தூக்கினான். நான் நகர முடியாது. நான் நகந்தா பின்னால நிக்கிற அத்தனை பேரும் செத்தாங்க. தம்பி காதுக்குள்ள அவசரமாச் சொன்னான். மைனி, நீங்க மட்டும் பின்னால வந்திருங்க, கயிறு போனா போட்டும், நீங்க உயிரோட இருந்தா அக்காவைப் பொறவு எழுப்பிக்கிடலாம்னான். அவன் சொன்னதுல தப்பு இல்ல. வாசல்ல விழுந்தவங்களை எழுப்ப நேரம் கிடைக்காதுங்கிறது அவனுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். ஆனா ஒருத்தராவது மிஞ்சலாமே.

நான் என் போனை விட்டுக் கண்ணை எடுக்கல, ஆனா பக்கத்துல மைனி முழங்கை என் முழங்கையில வந்து இடிச்சது தெரிஞ்சுது. போனுக்குள்ள அவங்க வைத்தியச்சி பின்னால போறதுக்குப் பதிலா இன்னும் ஒரு எட்டு உள்ள வந்து என்னோட ஒட்டி நின்னா. உலக்கை இறங்கிச்சு. எனக்கு உயிர் மிச்சத்தைக் காட்டுற கோடு நூலாப் போச்சு, அவங்களுக்கும் நூலாப் போச்சு. இருந்த மருந்தையெல்லாம் கொட்டினாங்க. மறுபடி தூக்கினான், மறுபடி இறக்கினான். நாங்க சாகல. பாதி பாதியா வாங்கிக்கிட்டு ரெண்டு பேரும் நின்னுக்கிட்டே இருந்தோம். பின்னால நின்னவங்க எல்லாரும் சேந்து அவனை அடிச்சாங்க, அடிச்சாங்க, கடைசியில ஒரு வழியா மரம் சாய்ற மாதிரி சாஞ்சான். கதவு திறந்துச்சு.

தம்பி என்னென்னமோ சொல்லிக்கிட்டு இருந்தான், லாட்ஜ் அண்ணாச்சி முருகான்னாரு. எனக்கு ஒண்ணும் காதுல விழல. போன் நெருப்பாக் கொதிச்சுது, உள்ளங்கையெல்லாம் வேர்வை. மைனி முந்தானையால கண்ணைத் தொடைச்சுக்கிட்டாங்க. நானுந்தான். ஒரு பொம்மைச் சண்டைக்கு ரெண்டு பொம்பளைக உக்காந்து அழுதாளுகன்னு வெளிய சொல்லிக்கிட முடியாது. ஆனா அழுதோம். ஏன் மைனி பின்னால போகல, தம்பிதான் சொன்னாம்லான்னு கேட்டேன். போனா நீ செத்திருப்பன்னாங்க. பொறவு தூக்குச்சட்டியைத் திறந்தாங்க. அந்த மாதிரி ஒரு குழம்பை நான் அதுக்கு முன்னாலயும் சாப்பிட்டதில்ல, பின்னாலயும் சாப்பிட்டதில்ல.

ரெண்டு மாசம் போயிருக்கும். கம்பெனிக்காரன் மறுபடி ஒரு அறிவிப்பு விட்டான். எல்லாருடைய கருத்தையும் கேட்டு, சமநிலையைச் சரிபார்த்து, வைத்தியருங்களோட கயித்தைப் பழையபடி முப்பது அடியா ஆக்கிட்டானாம். வெட்டினவன் அவன், ஒட்டினவனும் அவன், நடுவுல பட்டதெல்லாம் நாங்க. நாளைக்கு இன்னொண்ணை வெட்டுவான். வெட்டட்டும், அதையும் பாத்துக்கிடுதேன். குழுவுல எல்லாருக்கும் ஒரே கொண்டாட்டம். அந்த ஞாயிறே மச்சான்மாரெல்லாம் பாறைக்குப் பின்னால போய் வசதியா உக்காந்துட்டாங்க. தம்பி மைனிகிட்ட, இத்தனை நாள் ரொம்பக் கஷ்டப்பட்டுட்டீங்க, இனி உங்களுக்கு அந்த அடியெல்லாம் வேண்டாம், பழைய இடத்துல நிம்மதியா நின்னுக்கிடுங்கன்னு சொன்னான். பாசத்துலதான் சொன்னான். நானும் ஆமா மைனி, அங்கன போங்க, பத்திரமா இருப்பீங்கன்னு சொன்னேன்.

மைனி என் இடது தோள் பக்கத்துலேருந்து அசையல.

"பின்னால நின்ன ரெண்டு வருசமும் எனக்கு உன் முதுகு மட்டுந்தான் தெரிஞ்சுது. இங்கன நின்னாத்தான் வாரவன் மூஞ்சி தெரியுது. நான் இங்கனயே நிக்கேன்."

தம்பி சரி மைனின்னான். நான் அவங்களுக்கு மறைக்காம இருக்கக் கேடயத்தைக் கொஞ்சம் வலது பக்கமா நகத்திக்கிட்டேன்.